கப்பலில் வந்த சக்கை

சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவியும் விரலில் அந்த வாடை போகவில்லை. கசப்பும் பச்சைப் புல்லும் கலந்த நெடி. போன வாரம் நம் கம்பெனி லேபுக்கு ஒரு வெள்ளை டப்பா வந்தது. ஆலிவ் காயை எண்ணெய்க்குப் பிழிந்த பிறகு மிஞ்சும் சக்கையிலிருந்து எடுத்த பொடியாம். நம் ஊறுகாய் எண்ணெய் காறிப்போகாமலும் கிருமி அண்டாமலும் காக்குமாம். கப்பலில் வந்தது என்று மானேஜர் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். எனக்கு உன் ஞாபகம் வந்தது. கூடவே எரிச்சலும் வந்தது.

ஏனென்றால் அதே நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே, கூழ் எடுத்த மாம்பழத் தோலும் கொட்டையும் டிராக்டரில் ஏறிக்கொண்டிருந்தன. வழக்கம்போலப் பள்ளத்தில் கொட்டி மண்ணைத் தள்ளி மூடிவிடுவார்கள்.

அந்த ஜன்னலில்தான் நீ இரண்டு பாட்டில் கடலையெண்ணெய் வைத்திருந்தாய். ஒன்றில் மட்டும் காயவைத்த மாந்தோல் பொடி. சில வாரம் வெயில் பட்டதும் சும்மா இருந்த எண்ணெய் காறிப்போய் நாறியது. பொடி போட்டது அப்படியே இருந்தது. இரண்டையும் என் மூக்குக்கு நேரே நீட்டி, "மோந்து பாருடி. இத்தப் போயி குப்பைன்றானுங்க" என்றாய்.

அடுத்து கிருமி. கண்ணாடித் தட்டுகளில் கிருமியை வளர்த்து, நடுவில் தோல் சாற்றை ஒரு சொட்டு விட்டாய். தட்டு முழுக்க மாவு பூத்த மாதிரி வளர்ந்திருக்க, சொட்டைச் சுற்றி மட்டும் ஒன்றும் முளைக்காத வட்டம். அதைப் பார்த்தால் அடுத்த சீசனில் தோலைக் காயவைக்க ஒரு மெஷின் தருவதாக மானேஜர் சொன்னார். ஆயுத பூஜைக்கு லேபுக்கு வரும்போது பார்க்கிறேன் என்றார்.

பூஜையன்று வந்தார். தட்டுகள் பளபளவென்று அடுக்கியிருந்தன, ஒவ்வொன்றிலும் சந்தனமும் குங்குமமும் வைத்து. வட்டமும் இல்லை, கிருமியும் இல்லை. பெருக்கித் துடைக்கும் புஷ்பா அக்கா பெருமையாக, "ஒரே கலீஜா இருந்துச்சு மேடம். பூஜை அதுவுமா இப்டியா வெக்கறதுன்னு வெந்நீர்ல போட்டு தேச்சி வெச்சேன்" என்றது. மானேஜர் சிரித்துவிட்டுச் சுண்டலை வாங்கிக்கொண்டு போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது. நீயோ புஷ்பா அக்காவைத் திட்டவில்லை. "அது இன்னா பண்ணும்? பூஜைன்னா எல்லாத்தையும் கழுவுன்னு நாமதான சொன்னோம்? வுடு, அடுத்த சீசன்ல திரும்பப் பண்ணிக்கலாம்" என்றாய்.

மார்கழியில் காய்ச்சல் வந்து படுத்தாய். பொங்கலுக்கு நீ இல்லை.

இந்த சீசனில் நானே செய்தேன். ஒரு தட்டில் கப்பல் பொடி, இன்னொன்றில் நம் தோல் சாறு. பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். இரண்டிலும் வட்டம் வந்தது. நேற்று மானேஜர் மேசையிலேயே கொண்டுபோய் வைத்தேன்.

"நல்லாருக்கும்மா. ஆனா அவங்களுது ஃபாரின் ஐட்டம். நம்மளுது வெறும் தோலு."

"சார், அதுவும் அவங்க ஊரு குப்பைதான சார்?"

"பேக்கிங் பாத்தியா நீ?" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டார். மெஷின் பேச்சை எடுத்ததும், "சீசன் முடியட்டும், பாக்கலாம்" என்று போனை எடுத்துக்கொண்டார். சீசன் முடிந்தால் தோல் ஏது? இதைக்கூட ஒருத்தருக்கு விளக்க வேண்டியிருக்கிறது.

மானேஜர்மேல் கோபம், அந்த டப்பாமேல் கோபம். ஆனால் உள்ளதைச் சொல்கிறேன், எல்லாவற்றையும்விட உன்மேல்தான் அதிகம். திரும்பப் பண்ணிக்கலாம் என்று சொன்னவள் நீ. ஆரணியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும்போது இன்றைக்கும் பக்கத்து சீட்டில் பையை வைத்துக்கொள்கிறேன். யாராவது உட்காரக் கேட்டால் எடுத்துவிடுகிறேன், முகத்தை மட்டும் திருப்பிக்கொள்கிறேன். நாளைக் காலையும் அந்த மேசை முன்னால் போய் நிற்பேன். அவர் என்ன சொல்வார் என்று தெரியும். சொல்லட்டும். வெளியே வந்ததும் கூடச் சேர்ந்து அவரைத் திட்ட எனக்கு ஆள் இல்லையே, அதைத்தான் தாங்க முடியவில்லை.