போட் ஷூவும் மீன் எண்ணெயும்

ஆம்பூர்,
ஆவணி பிறந்த ஞாயிறு.

என் தவுட்டுப் பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சோறு தின்று, வேலைக்குப் போய், படுத்து எழுந்து சுகமாகத்தான் இருக்கிறேன், அதே மாதிரி நீயும் அங்கே நேரத்துக்குத் தின்று நேரத்துக்குத் தூங்கி சுகமாக இருக்க மாரியம்மா துணை இருக்கட்டும். தவுடு என்று கூப்பிட்டால் உனக்குக் கோபம் வரும் என்று தெரியும், ஆனால் உனக்கு முன்னால் பிறந்தது தங்காமல் போனதால் உன்னைப் பக்கத்து வீட்டில் கொடுத்து ஒரு படி தவிட்டுக்குத் திரும்ப வாங்கினவள் நான், வாங்கினவளுக்கு எந்தப் பேர் சொல்லியும் கூப்பிட உரிமை உண்டு. பூங்குழலி என்று கூப்பிட அங்கே நீ வேலை பார்க்கிற வெளிநாட்டு ஆஸ்பத்திரி முழுக்க ஆள் இருக்கிறார்கள், அவர்கள் வாயில் அது எப்படி வருகிறதோ அந்த ஆண்டவனுக்கே வெளிச்சம். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைக்காதே. உன் அறைத்தோழி ஹுமேராவின் அண்ணன் வாணியம்பாடியில் இருந்து உங்கள் ஊருக்குப் பறக்கிறார், அவர் கையில் ஒரு ஷூ டப்பா கொடுத்து விடுகிறேன், அதற்குள் இது இருக்கும். போனில் நான் நாலு புத்தி சொல்வதற்குள் நீ சரிம்மா சரிம்மா என்று சொல்லி வைத்துவிடுகிறாய், காகிதத்தில் அது நடக்காது, கடைசி வரைக்கும் படித்துத்தான் ஆகவேண்டும்.

நீ கேட்டதற்கு வருகிறேன். வார்டு சிஸ்டரின் வீட்டுக்காரர் சொந்தமாகப் பாய்மரப் படகு வைத்திருக்கிறார், மாசக் கடைசியில் எல்லாரும் கடலுக்குப் போகிறார்கள், என்னையும் கூப்பிடுகிறார்கள், அப்பாவுக்கு இன்னும் வருஷம் திரும்பவில்லையே, போகலாமா, நீ வேணாம்னா போகலை என்று கேட்டாய். நான் அதற்குப் பதில் சொல்லாமல் என்ன குழம்பு வைத்தாய் என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டேன். பிறகு ஹுமேரா தனியாக எனக்குப் போன் பண்ணி, ஆன்ட்டி, இவ டூட்டி விட்டா ரூம், ரூம் விட்டா டூட்டி, சிரிச்சே நாளாச்சு, இப்பதான் முதல் முறையா ஒரு இடத்துக்கு வரேன்னு சொல்லிக்கிறா, தயவுசெஞ்சு வேணாம்னு சொல்லிடாதீங்க என்று சொன்னாள். நீ வந்து சேர்வதற்குள் உங்கப்பாவை எடுத்துவிட்டார்கள், முகத்தைக்கூட நீ பார்க்கவில்லை, அதை நீ மனசுக்குள் போட்டு அரைக்கிறாய் என்று எனக்குத் தெரியாதா. ஆனால் உங்க அத்தை பட்டம்மாளிடம் சொன்னேனா இல்லையா, வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்கள். வருஷம் முடியாம கோயிலுக்கே போவக் கூடாது, மலை ஏறக் கூடாது, இவ இன்னாடான்னா கடலுக்குப் போறாளாமே, என் தம்பி போட்டோவுக்குப் போட்ட மாலை இன்னும் காயல என்று ஒரே சத்தம். மாலை பிளாஸ்டிக் மாலை, அது எங்கே காயும். அதைச் சொன்னால் அதற்கு வேறு சண்டை வரும் என்று சும்மா இருந்துவிட்டேன். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான், அவர்கள் தடுத்தது எனக்கு வசதியாகவும் இருந்தது.

ஷூ கம்பெனியில் ஹீனாவிடம் சொல்லி வைத்தேன், என் பக்கத்து மெஷின்தானே, அவளிடம் சொன்னால் மதியச் சாப்பாட்டுக்குள் லைன் முழுக்கத் தெரிந்துவிடும், தெரிந்துவிட்டது. படகுக்காரர்கள் கொண்டுவரச் சொன்ன சாமானை எல்லாம் நீ சொன்னபடி நான் சொன்னேன், ஒவ்வொன்றுக்கும் ஒரு பஞ்சாயத்து. ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் கனக்கும், காயாது என்றார்களாமே, அது சரியான பேச்சு, நனைந்த தோலைத் தூக்கினவர்களுக்குத் தெரியும். மெல்லிசாக ஒன்றின் மேல் ஒன்றாக நாலு சட்டை போட்டுக்கொள்ளச் சொன்னதும் சரி, நீ சின்னதில் மார்கழி மாசத்தில் அப்படித்தான் முட்டைக்கோஸ் மாதிரி திரிவாய். மேலே காற்றுக்கு ஒரு கோட்டு, தலைக்குக் கயிறு வைத்த தொப்பி, கண்ணாடிக்கும் ஒரு கயிறு. மாற்றுத் துணி ஒரு ஜோடி பிளாஸ்டிக் கவரில் கட்டி வை. வளையல், மோதிரம், தொங்கட்டான் எல்லாம் கழற்றி ரூமில் வைத்துவிட்டுப் போ, கயிற்றில் மாட்டினால் விரலோடு போகும், மெஷினில் துப்பட்டா மாட்டினவர்களை நான் பார்த்திருக்கிறேன். முடியைப் பின்னி உள்ளே செருகிக்கொள். பாயைக் கட்டியிருக்கிற அந்த நீளக் கட்டை சொல்லாமல் கொள்ளாமல் இந்தப் பக்கத்தில் இருந்து அந்தப் பக்கம் வீசுமாம், தலையைக் குனியச் சொன்னால் உடனே குனி. நீ உங்கப்பா வம்சம், நம் வீட்டு நிலைப்படிக்கே குனிய மாட்டாய், எத்தனை முறை மண்டையில் வாங்கியிருக்கிறாய்.

எங்கள் சூப்பர்வைசர் தன்சீல் அகமது படகில் போனவர் என்று ஹீனா சொன்னாள், சரி, அனுபவப்பட்டவரைக் கேட்போம் என்று போய் நின்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தண்ணின்னா ஜாஸ்தி பயப்படக் கூடாதும்மா, முதல்ல பேலன்ஸ், அப்புறம் பொறுமை, ஆனா முட்டி நல்லா வலிக்கும், அதுக்குத் தைலம் எடுத்துக்கச் சொல்லுங்க என்றார். படகில் போனால் முட்டி எதற்கு வலிக்கும் என்று நான் முழித்தேன். ஹீனா மெதுவாக விசாரித்தால் அவர் போனது ஏலகிரி ஏரியில், காலால் மிதிக்கிற படகு, அதுவும் அன்னப்பறவை மாதிரி செய்தது. இருந்தாலும் பெரியவர் சொன்னதைத் தட்டக் கூடாது என்று டப்பாவில் ஒரு தைலம் வைத்திருக்கிறேன். வாந்தி மாத்திரை படகு ஏறுவதற்கு முன்னாலேயே போட்டுக்கொள், ஏலகிரி பஸ்ஸில் நீ முன் சீட்டு அம்மாவின் பட்டுப் புடவையில் எடுத்த வாந்திக்கு நான் இன்னும் அந்தப் பக்கம் தலை காட்டவில்லை. சுக்கும் எலுமிச்சை மிட்டாயும் வைத்திருக்கிறேன். முக்கியமாக பிரியாணி சாப்பிட்டுவிட்டு ஏறாதே. நம் ஊர்க்காரர்களுக்கு பஸ் ஏறினாலே பார்சல் கட்டாமல் இருக்க முடியாது, ஆனால் கடல் வேறு, எண்ணெய்க் கத்திரிக்காய் உள்ளே போனால் அலையோடு சேர்ந்து அதுவும் ஆடும். மிதக்கிற ஜாக்கெட் கொடுப்பார்கள், இறுக்கமாக இருக்கிறது, அசிங்கமாக இருக்கிறது என்று கழற்றிப் போடாதே, எனக்குச் சத்தியம் பண்ணு. நமக்கு நீச்சல் தெரியாது, பாலாற்றங்கரையில் பிறந்து நாம் கற்றுக்கொண்டது மணலில் நடக்கத்தான்.

இப்போது ஷூ கதை. வழுக்காத வெள்ளை அடி உள்ள ஷூ வேண்டும் என்றாயே, அது போட் ஷூ. நான் வருஷக்கணக்கில் அதற்கு மேல்தோல் தைக்கிறேன், எந்த மகராசன் போடுகிறான் என்று யோசித்ததே இல்லை. ரிஜெக்ட் விற்பனையில் உன் அளவுக்கு ஒரு ஜோடி எடுத்தேன், இடது கால் தையல் கொஞ்சம் கோணல், அது நான் தைத்தது இல்லை. எடுத்தோமா அனுப்பினோமா என்று இருந்திருக்கலாம். கடல் தண்ணீர் தோலைக் கெடுக்கும், எண்ணெய் குடுத்துட்டா சொட்டுத் தண்ணி ஏறாது அக்கா என்று ஹீனா சொல்லி, அவள் வீட்டுக்காரர் வேலை செய்கிற டேனரியில் தோலுக்குப் போடுகிற மீன் எண்ணெய் ஒரு பாட்டில் வாங்கி வந்தாள். தோல் வேலைக்காரர்களுக்குத் தோல்தான் கண்ணுக்குத் தெரியும். இரண்டு பேரும் உட்கார்ந்து மேலே தேய்த்தோம், உள்ளே தேய்த்தோம், மிச்சத்தை வீணாக்குவானேன் என்று அடியிலும் தேய்த்தோம். பிறகு படகு எப்படியும் ஈரமாக இருக்கும், சோதித்துப் பார்த்து அனுப்பலாம் என்று நம் கூடத்து சிவப்புத் தரையில் ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்றி நான் மாட்டிக்கொண்டு ஓரடி வைத்தேன். வைத்த கால் நிற்கவில்லை. கட்டில் காலைப் பிடித்தேன், கட்டிலும் என்கூட வந்தது, பிடிக்க வந்த ஹீனாவும் வந்தாள், பக்கெட் தனியாக வாசலுக்குப் போய்விட்டது. அந்த நேரம் பார்த்து உங்க அத்தை, துக்க வீட்டில் இன்னா கூச்சல் என்று கேட்க வேகமாக உள்ளே வந்து, நிலைப்படியைத் தாண்டினதும் அவர்களும் வழுக்கிக்கொண்டு நேராக வந்து என் மடியில் உட்கார்ந்தார்கள்.

யாருக்கும் அடி இல்லை, பயப்படாதே. முதலில் உங்க அத்தைதான் சிரித்தார்கள். நம்பினால் நம்பு. வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், உங்கப்பா போனதில் இருந்து அந்தக் கூடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது அன்றைக்குத்தான். சிரிப்பு அப்படியே அவர்களுக்கு அழுகையாகிவிட்டது, ஈரத்திலேயே உட்கார்ந்து என் தோளில் சாய்ந்து, என் தம்பி தனகோடி இதப் பாத்திருந்தா ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி என் மானத்த வாங்கியிருப்பான்டி என்று தேம்பினார்கள். நான் அப்போது கேட்டேன், அண்ணி, அங்க அந்தப் பொண்ணு சிரிச்சே நாளாச்சாம், நான் இன்னா சொல்லட்டும் என்று. முகத்தைத் துடைத்துக்கொண்டு யோசித்தார்கள். பிறகு கம்பீரமாக, சாஸ்திரத்தில மலை ஏறக் கூடாதுன்னுதான் இருக்கு, கடல் மலையா, அது பள்ளம்தானே, பள்ளத்துக்குப் போறதுக்கு இன்னா தோஷம், போய்ட்டு வரட்டும் என்று தீர்ப்புச் சொன்னார்கள். கிளம்பும் முன் குடும்பப் பேரைக் கெடுக்காமல் ஓரமாக உட்காரச் சொன்னார்கள், படகில் ஓரம்தான் ஆபத்து என்று நான் சொல்லவில்லை, நீ படகுக்காரர்கள் சொல்கிற இடத்தில் உட்கார்.

ஆகவே போ தாயி. அத்தை சொன்னதால் இல்லை, நான் சொல்கிறேன், போ. பயமாகத்தான் இருக்கிறது, ஆனால் நீ நாலு சுவருக்குள் இருந்து கரைவதைவிட நாலு பேரோடு காற்றில் இருப்பது மேல். ஷூவை சீயக்காய் போட்டு மூன்று தண்ணீர் கழுவி, அடியைப் பல் தேய்க்கிற பிரஷ்ஷால் சுரண்டி, நிழலில் காயவைத்திருக்கிறேன், இப்போது வழுக்கவில்லை, ஹீனா மாட்டிக்கொண்டு ஆடியே காட்டினாள். வாசம் மட்டும் முழுசாகப் போகவில்லை. காயவைத்த நாளெல்லாம் தெருப்பூனை மொத்தமும் நம் மாடிப்படியில்தான். கடல் பறவை பின்னால் வந்தால் ஷூவைக் காட்டாமல் காலை மடக்கி உட்கார்.

எல்லாச் சாமியும் உன் பக்கத்தில் நிற்கட்டும், போன கால் போனபடி திரும்பி வரட்டும், உன் வயிறும் மனசும் நிறையட்டும். போனைத் தண்ணீர் புகாத கவரில் போடு, கரையில் கால் வைத்ததும் முதல் வேலையாக எனக்குப் பேசு, போட்டோ பிறகு எடுக்கலாம்.

இப்படிக்கு
உன்னைத் தவிட்டுக்கு வாங்கின அம்மா,
செல்லம்மாள்.

ஒன்று எழுத விட்டுப்போச்சு. இத்தனை வருஷமும் நீ போனில் சொல்வதை எல்லாம் வைத்த கையோடு போய் உங்கப்பாவிடம் சொல்வேன். டேனரியில் தோல் சுற்றுகிற டிரம் சத்தத்தில் வேலை பார்த்து அவருக்குக் காது கம்மி, கத்தித்தான் சொல்லவேண்டும், தெரு முழுக்கக் கேட்கும். அங்கே பனி விழுந்தது என்று நீ சொன்னதை நான் இடுப்பளவு என்று சொல்லிவிட்டேன், மனுஷன் மறுநாளே வேலூர் லாங் பஜாருக்குப் போய் உனக்குக் கம்பளி தேடினார். இப்போது நீ கடலுக்குப் போய் வந்து அலை, காற்று, படகு என்று எல்லாக் கதையும் எனக்குச் சொல்லிவிடுவாய், நான் அதை யாருக்குக் கத்திச் சொல்வது?