வாகைத்திடலுக்கு வந்த உபயங்கள்

ஜனவரி 24, 2024, புதன்

பத்திரம் பதிவாகிவிட்டது. வாகைத்திடல் இனி எங்கள் போர்க்களப் பாதுகாப்புக் குழுவுக்குச் சொந்தம். சீர்காழிக்குப் பஸ்ஸில் போய் வந்ததில் முழங்கால் விண்விண்ணென்கிறது. ஆனாலும் மனசு நிறைந்திருக்கிறது.

வயலுக்கு நடுவில் ஒன்றரை ஏக்கர் மேடு, அவ்வளவுதான். அங்கே எந்த ராஜா எந்த ராஜாவை வென்றான் என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை. செத்தவர்களுக்கு இரண்டு நடுகல் உண்டு. மழை பெய்தால் துருப்பிடித்த இரும்புத் துண்டுகள் மேலே வரும். முப்பது வருஷம் சரித்திரப் பாடம் நடத்திய நான், வருஷா வருஷம் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டிய இடம். அதை மனை போட விற்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் கடிதம் எழுதியது நான்தான். பழைய மாணவர்கள் அன்பளிப்பாக அனுப்பிக் குவித்துவிட்டார்கள்.

நிலத்துக்காரர் துரைக்கண்ணு கையெழுத்துப் போட்டுவிட்டு, "பாத்துக்குங்க டீச்சர்" என்றார். விற்கிற ஆளுக்கு என்ன அக்கறையோ! அவரைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல்.

பிப்ரவரி 11, ஞாயிறு

தம்பி சலாஹுதீன் துபாயிலிருந்து பேசினான். முதல் அன்பளிப்பே அவனுடையது.

"அக்கா, அத்தா பேரு எங்க வருது?"

"என்ன பேரு?"

"நீதானே எழுதியிருந்த, உங்கள் பெயர் அந்த மண்ணில் நிலைக்கும்னு."

எழுதினேன்தான். கடிதம் முடிகிற இடத்தில் அழகாக இருக்கட்டுமே என்று ஒரு வரி. அதை இவன் அப்படியே பிடித்துக்கொண்டான். சரி, எங்களைப் பெற்ற அத்தா பெயரில் ஓரமாக ஒரு சிமெண்ட் பெஞ்சு போட்டுவிடலாம் என்றேன். ஒரு பெஞ்சால் என்ன ஆகிவிடும்?

மார்ச் 3, ஞாயிறு

ஆகிவிட்டது. பெஞ்சு படம் வாட்ஸப்பில் போனதும் மற்றவர்களும் கேட்கிறார்கள். எங்கள் ஊரைப் பற்றித் தெரிந்தும் எழுதினேனே! டியூப்லைட் வாங்கிக் கொடுத்தால் அதன்மேலேயே உபயம் என்று பெயரெழுதி வெளிச்சத்தை மறைக்கிற ஜனங்கள்.

எங்கள் குழுத் தலைவர் புகழேந்தியின் ஹார்டுவேர் கடை மாடியில் கூட்டம். பெயரெல்லாம் வேண்டாம், மண்ணை மண்ணாக விடுங்கள் என்றேன். அவர் என் கடிதத்தையே எடுத்துப் படித்துக் காட்டினார்.

"பேரு போடாம யாரு டீச்சர் குடுப்பாங்க? நீங்க சொன்ன வாக்குதானே இது?"

கடிதத்தை வாங்கி அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். டீ கூட ஆறிப்போனது.

மார்ச் 19

விளக்குக் கம்பம் ஆறு. ஆறிலும் பெயர்.

ஏப்ரல் 14, ஞாயிறு

இன்று சித்திரை ஒன்று. நல்லேர் பூட்டி முதல் உழவு ஓட்டுகிற நாள். காலையில் திடலுக்குப் போனேன். துரைக்கண்ணுவும் அவர் மனைவி கமலாம்பாளும் செருப்பை வரப்பிலேயே விட்டுவிட்டு மேட்டில் ஏறி, நடுகல்லுக்கு முன்னால் ஒரு பிடி விதைநெல்லும் வெற்றிலையும் வைத்துக்கொண்டிருந்தார்கள். முப்பது வருஷத்தில் நான் இதைப் பார்த்ததில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு வந்தேனே தவிர, இந்த நாளில் வந்ததில்லை.

"எங்க பாட்டன் பூட்டன் காலத்துலேருந்து இதுல ஏர் எறங்குனதில்ல டீச்சர்" என்றார்.

"அப்புறம் ஏன் மனைக்கு விக்கப் பாத்தீங்க?"

அவர் திருதிருவென்று விழித்தார். "யாரு சொன்னா? மக கல்யாணத்துக்கு ரோட்டோரத்துல ரெண்டு மா நெலத்ததான் பேசுனேன். திடல யாரு விப்பா? நீங்க வந்து கேட்டீங்க. படிச்சவங்க கையில இருந்தா நல்லதுன்னு, சொன்ன வெலைக்குக் குடுத்தேன்."

யார் சொன்னது? புகழேந்தி. நான் ஒரு வார்த்தை இவரிடம் கேட்டேனா? இல்லை. நேரே வீட்டுக்குப் போய்க் கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மே 22, புதன்

எழுத வரவில்லை.

சிங்கப்பூர்க்காரர் ஒருவர் நுழைவு வளைவும் தரை முழுக்கப் பேவர் பிளாக்கும் உபயம் செய்கிறாராம். பிளாக் புகழேந்தி கடைச் சரக்கு. நான் போனபோது ஜேசிபி வேலையை முடித்துவிட்டு நின்றது. மேடு இல்லை. திடலே இல்லை. வழவழவென்று தரை.

"சமமா இருந்தாத்தான் டீச்சர் பிளாக் நிக்கும்" என்றார் புகழேந்தி.

"மண்ணு எங்கங்க?"

"யாரோ வீடு கட்டுறாங்க, பள்ளம் தூர்க்கக் கேட்டாங்க. சும்மாதான் குடுத்தோம்."

அந்த மண்ணுதானேய்யா போர்க்களம்! அதுக்குத்தானே எல்லாரும் குடுத்தாங்க! — கத்தினேன். ஜேசிபி ஓட்டியவர் வேறு பக்கம் பார்த்தார். யா அல்லாஹ், நான் அந்த ஒரு வரிய எழுதாம இருந்திருக்கக்கூடாதா? எத்தனை தலைமுறை ஏரு எறக்கப் பயந்த எடம். நாலு மாசத்துல முடிச்சிட்டோமே.

ஆகஸ்ட் 8, வியாழன்

பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிக்கச் சொல்லி, பத்திரம் பதிவானதுமே நான் போட்ட மனுவுக்காகத் தொல்லியல் அதிகாரி வந்தார். சின்னப் பெண். சிமெண்ட் பீடத்தில், வெள்ளி பெயிண்ட் அடித்து நிற்கும் நடுகற்களைப் பார்த்தார். பெஞ்சுகளில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார்.

"இதுல நாங்க பாதுகாக்க என்ன மேடம் இருக்கு?"

திட்டியிருந்தால் தேவலை. மரியாதையாகக் கேட்டார்.

ஆகஸ்ட் 9

குழுவிலிருந்து விலகிக் கடிதம் கொடுத்தேன். இரண்டே வரி.

செப்டம்பர் 29, ஞாயிறு

சீர்காழியிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் கமலாம்பாள் பக்கத்தில் உட்கார்ந்தார். சம்பா நடவு எப்படி என்று கேட்டேன். நல்லா இருக்கு என்று ஆரம்பித்தவர், பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார்.

"சேத்துல டிராக்டர் ஓட்டுறப்ப ஒரு கல்லு தட்டுப்பட்டுது டீச்சர். கழுவிப் பாத்தா, கையில வாளோட ஆளு நிக்கிது. ஓரத்துல எழுத்தெல்லாம் கூட..."

சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

"என்ன கமலாம்பா?"

"உங்ககிட்ட மட்டும் சொல்லக்கூடாதுன்னு அவரு சத்தியம் வாங்கியிருந்தாரு. அன்னைக்கே குப்புறப் போட்டுப் பொதைச்சிட்டாரு. மேல நாத்தும் நட்டாச்சு."

மூன்றாவது நடுகல். எழுத்தோடு. எந்த ராஜா என்று அதில் இருக்கலாம். எந்த வயல் என்று கேட்க நாக்கு துடித்தது. அந்த ராஜா யார் என்பது என்னை முப்பது வருஷமாக அரித்த கேள்வி.

"எந்த வயல்னு எங்கிட்ட சொல்லிடாதீங்க" என்றேன்.

அவர் தலையாட்டினார். தன் நிறுத்தம் வரும்வரை என் பக்கம் திரும்பவில்லை.