தகரக் கூரைக்கும் கட்டிலுக்கும் நடுவே

செவ்வாய், காலை

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலம். பாப்பா இன்று ஆயிரத்து எழுநூற்று அறுபது கிராம். இங்கே நலம் என்பதை எல்லோரும் கிராமில்தான் சொல்கிறார்கள், எனக்கும் அதுவே பழகிவிட்டது. நீங்கள் நேரத்துக்குச் சாப்பிட்டு, நீங்கள் பஞ்சு சுற்றும் அந்த நீராவிக் குழாய்களுக்கு நடுவே பத்திரமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். மூன்று மணி நேரத்துக்கொரு முறை பால் கொடுக்க உள்ளே கூப்பிடுவார்கள். அதனால் கடிதம் நடுநடுவே அறுந்துபோகும், பொறுத்துக்கொள்ளுங்கள். லீவில் வந்திருக்கும் உங்கள் கூட்டாளி வெல்டர் வியாழக்கிழமை திரும்புகிறார், அவரிடம் கொடுத்தனுப்புவேன். போனில் பேசலாம்தான். உங்கள் இடத்தில் டவர் கிடைப்பதே அபூர்வம். கிடைத்த அன்றைக்கும் "கூரை என்னாச்சு?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது பாருங்கள்.

சரி, கூரையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். வெள்ளிக்கிழமை பாப்பாவை வீட்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் அதற்கு முன் குறைமாதக் குழந்தைகள் வார்டின் தலைமை நர்ஸ் வந்து நம் அறையைப் பார்க்க வேண்டும். எடையைத் தவிர அவருக்கு வேறு பேச்சே இல்லாததால் நாங்கள் தாய்மார்கள் அவருக்குக் கிராம் அக்கா என்று பெயர் வைத்திருக்கிறோம். மொட்டைமாடி அறை, தகரக் கூரை என்று நான் சொன்னதுமே அவர் முகம் மாறிவிட்டது. மதியத்தில் முப்பது டிகிரியைத் தாண்டினால் அனுப்ப மாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார். அன்றைக்கு அறைக்குள் முப்பத்தொன்பது. தெருவிலோ முப்பத்திரண்டுதான். வீட்டை விட வெயிலில் நிற்பது மேல் என்ற நிலைமை.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே நானாக ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். தெர்மாகோல் அட்டைகளை வாங்கித் தகரத்தின் அடியில் பசை போட்டு ஒட்டினேன். மூன்றாம் நாள் மதியம் பசை இளகி, ஒவ்வொன்றாகத் தலையில் விழுந்தது. என் அண்ணன் வந்து பார்த்தார். எலக்ட்ரீஷியன் கண்ணுக்கு முதலில் தெரிவது வயர்தானே. "இது பத்திக்கிச்சுன்னா உருகிச் சொட்டும்மா. வயரெல்லாம் இது பக்கத்துலதான் ஓடுது. இதுக்குக் கீழயா புள்ளையப் படுக்க வைக்கப் போற?" என்று திட்டினார். விழாமல் மிச்சமிருந்ததையும் நானே பிய்த்துப் போட்டேன்.

பிறகுதான் உங்கள் நாலு பக்கக் கடிதம் வந்தது. கிளாஸ்வூல் என்ற கண்ணாடிப் பஞ்சு வாங்கு, ஐம்பது மில்லிமீட்டர் கனம், கையுறை போடாமல் தொடாதே என்று எழுதியிருந்தீர்கள். வாங்கினோம். தொட்டோம். கையுறை போட்டும் இரண்டு நாள் அரிப்பு. மரச் சட்டத்துக்குள் நன்றாக அடங்கட்டும் என்று அண்ணன் அதைச் சப்பாத்தி மாவு போல அமுக்கி அமுக்கித் திணித்தார். அன்று சாயங்காலமே மழை. தகரத்தின் போல்ட் ஓட்டைகள் வழியாக ஒழுகி, பஞ்சு முழுக்க ஊறிவிட்டது. மறுநாள் மதியம் பார்த்தால் முப்பத்தெட்டு. இத்தனை பாட்டுக்கும் ஒரே ஒரு டிகிரி.

அப்போது உங்கள் மூன்றாம் பக்கத்தை மறுபடி படித்தேன். பஞ்சு வேலை செய்வதில்லை, அதற்குள் அசையாமல் நிற்கும் காற்றுதான் வேலை செய்கிறது, அமுக்கினால் காற்று போய்விடும், நனைந்தால் காற்றிருந்த இடத்தில் தண்ணீர் வந்துவிடும் என்று எழுதியிருந்தீர்கள். எவ்வளவு அழகாகப் புரியவைத்திருக்கிறீர்கள்! அந்த நாலு பக்கத்தையும் மூன்று தடவை படித்தேன். ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. பாப்பா யார் ஜாடை, கண் திறக்கிறாளா, அழுகிறாளா, ஒரு வரி கேட்கவில்லை நீங்கள்.

கூப்பிடுகிறார்கள். வருகிறேன்.

பால் கொடுத்துவிட்டு வந்தேன். மேலே எழுதியதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

நீங்கள் ஏன் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அதே அறையில்தான் நம் மூத்தவன் பத்தொன்பது நாள் இருந்தான். அவனுக்கு முடியாமல் போன அந்த வாரம் நீங்கள் யாருடைய ஐஸ்கிரீம் கிடங்குக்கோ சூடு புகாத சுவர் வைத்துக்கொண்டிருந்தீர்கள். அவன் போனது சூட்டினால் இல்லை, ரத்தத்தில் கிருமி என்று டாக்டர் சொன்னது எனக்குக் கேட்டது. ஓடி வந்து பக்கத்தில் நின்ற உங்களுக்குக் கேட்கவில்லை. இரண்டு வருடமாக அந்தத் தகரத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். இப்போது என்னையும் ஏணியில் ஏற்றிவிட்டீர்கள். ஏறிவிட்டேன், அது பரவாயில்லை.

நேற்றோடு வேலை முடிந்தது. போல்ட் ஓட்டைகளை அடைத்து, தகரத்தின் மேல் வெள்ளைப் பூச்சு அடித்தோம். கீழே பளபளப்புத் தாள், அது தகரத்தைத் தொடாமல் ஒரு சாண் இடைவெளி, அந்தச் சூட்டுக் காற்று வெளியேற இரண்டு பக்கமும் வழி. அதற்கும் கீழே புதுப் பஞ்சு, அமுக்காமல், பிளாஸ்டிக் உறையில், ஓரமெல்லாம் டேப் ஒட்டி. கடைசியில் பலகைக் கூரை. எல்லாம் நீங்கள் வரைந்த படத்தின்படியே. இன்று மதியம் போய்ப் பார்க்க வேண்டும். உட்கார முடியவில்லை. வராந்தாவில் எத்தனை தூண் என்று எண்ணி முடித்துவிட்டேன்.

புதன், மாலை

நேற்று முப்பத்தொன்று. இன்று கிராம் அக்கா வந்தபோதும் முப்பத்தொன்று.

அவர் நேரே கட்டிலுக்குப் போய், பாப்பா படுக்கும் உயரத்தில் தெர்மாமீட்டரை வைத்தார். மேலே அண்ணாந்து, பஞ்சுத் தூசு விழுமா என்று கேட்டார். பலகை இடுக்கில் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். ஒன்றும் ஒட்டவில்லை. எனக்கு மூச்சு வந்தது. அப்புறம் மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். "கூரைய அடக்கிட்ட, சுவரு அடுப்பா இருக்கே?" என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சுவரை நீங்களும் மறந்தீர்கள், நானும் மறந்தேன்.

நாளை மதியம் வரை நேரம் கொடுத்திருக்கிறார். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மதியச் சூடு மட்டும் இல்லம்மா, விடியக்காலைக் குளிரும் இவளுக்கு ஆகாது. உங்க வீட்டுக்காரரு குழாயச் சுத்திப் பஞ்சு வைக்கிறாருன்னு சொன்னியே, அது மாதிரி நமக்கெல்லாம் தோலுக்கு அடியில கொழுப்பு இருக்கு. இவளுக்கு இன்னும் அது வரல. வர்ற வரைக்கும் யாராவது நெஞ்சோட ஒட்ட வச்சுக்கிட்டே இருக்கணும். நீ ஒருத்தியா எத்தன மணி நேரம் தாங்குவ? அப்பா எங்க? அப்பா நெஞ்சுலயும் அதே சூடுதான்."

அப்பா வேலையில் இருக்கிறார் என்றேன். "எல்லா அப்பாவும் வேலையிலதான் இருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிவிட்டார்.

வியாழன், மதியம்

நேற்று இருட்டும் வரை தையல் மெஷினை மிதித்தேன். நான் தைக்கும் கடையில் சேர்ந்திருந்த வெட்டுத் துணிகளையெல்லாம் இரண்டு பழைய போர்வைகளுக்கு நடுவே தளர்வாக வைத்துத் தைத்து, மேற்குச் சுவருக்கு நாலு விரல் தள்ளித் தொங்கவிட்டேன். அமுக்கவில்லை. கட்டிலையும் எதிர்ச் சுவர் பக்கம் இழுத்துப் போட்டாயிற்று. வெளிப்பக்கம் நிழலுக்கு அண்ணன் ஒரு படுதா கட்டினார்.

இரண்டு மணிக்கு முப்பது. இரண்டரைக்கும் முப்பது. கிராம் அக்காவுக்குப் போன் செய்தேன். "நாளைக்குக் கூட்டிட்டுப் போ" என்றார். அவ்வளவுதான். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இனி கூரையைப் பற்றிக் கேட்க உங்களுக்கு ஒன்றும் இல்லை. அதனால் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். பாப்பா உங்கள் ஜாடை. தூங்கும்போது உங்களைப் போலவே நெற்றியைச் சுருக்குகிறாள். அழுகை சின்னது, ஆனால் விடாது. இடது காதுக்குப் பின்னால் ஒரு மச்சம். அவனுக்கு அது கிடையாது. இவள் வேறு குழந்தை.

லீவு கேட்டால் சூப்பர்வைசர் கத்துவார், கத்தட்டும். நீங்கள் வந்து வேறு ஒன்றும் செய்ய வேண்டாம். சட்டையைக் கழற்றிவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தால் போதும், அவளை நான் உங்கள் மேல் படுக்க வைக்கிறேன். வெல்டர் கீழே ஹாரன் அடிக்கிறார். பயமாக இருந்தால் பயத்தோடேயே வாருங்கள். எனக்கும் பயம்தான். இரண்டு பேரும் சேர்ந்து பயப்படலாம்.

வழியில் உங்களுக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி,
பாப்பாவின் அம்மா