உன் வீட்டு முகவரிக்கான வரி

இன்று அலமாரியைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசனை முகத்தில் அடித்தது. மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்தை ஒட்டியிருக்கும் அந்த மர அலமாரிதான். அதற்குள் இருக்கும் ஃபயர்வால் கணினியின் மின்பெட்டிக்குள் ஒரு கரப்பான் புகுந்து செத்ததற்காக, நீ நாலு மூலையிலும் உருண்டைகளைப் போட்டு வைத்தாய். அவை இப்போது மிளகு அளவுக்குச் சுருங்கிவிட்டன, வாசனை மட்டும் குறையவில்லை. கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன், மறுபடி போய்த் திறந்தேன், மறுபடி சாத்தினேன். பரிசோதனைக்கூடத்துப் பெண் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். உன்னிடம் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று மூன்று வாரமாக என்னை ஓரிடத்தில் உட்கார விடவில்லை. அதை எழுதிவிட்டால் கொஞ்சம் அடங்கும் என்று நினைக்கிறேன்.

நான் எப்போது அடங்கி உட்கார்ந்தேன் என்று நீ கேட்பாய். நீ மாரிகுப்பத்தில் ரயில் ஏறி, உன் சாப்பாட்டுப் பையை ஜன்னல் ஓரம் வைத்து எனக்கு இடம் பிடித்திருப்பாய். அடுத்த நிலையமான சாம்பியனில் நான் ஏறுவேன். ஏறியதும் உட்காராமல் கதவருகே போய் நின்றுகொள்வேன். "உக்காருடி, நீ நின்னா மட்டும் ரயிலு வேகமா போவுமா?" என்பாய். இருவருக்கும் ஒரே வயது, பெங்களூரில் வேறு வேறு அலுவலகம், ஒரே மாதிரி வேலை, சர்வர்களைப் பார்த்துக்கொள்வது. ஞாயிறு ஆராதனை முடிந்து ஒருநாள், நம் சபை நடத்தும் இந்தச் சின்ன மருத்துவமனையின் கணினிகளையும் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்கள். நான் யோசிக்காமல் சரி என்றேன். நீ யோசித்துவிட்டுச் சரி என்றாய்.

பழைய கணினி ஒன்றில் யூனிக்ஸ் வகை இயங்குதளத்தைப் போட்டு, மருத்துவமனைக்கும் வெளி இணையத்துக்கும் நடுவே ஃபயர்வாலாக உட்கார வைத்தது நீதான். வருகிற, போகிற ஒவ்வொரு தகவல் பாக்கெட்டையும் அது பார்க்கும். எங்கிருந்து வருகிறது, எந்தக் கதவைக் கேட்கிறது என்று ஒரு கோப்பில் நாம் எழுதி வைத்த விதிகளோடு ஒப்பிட்டு, விடும் அல்லது தடுக்கும். மொத்தம் நாற்பது வரிகூட இல்லாத கோப்பு. அதில்தான் நான் முதல் தப்பைச் செய்தேன்.

என் அலுவலகத்தில் நான் பழகிய வகையில், மேலிருந்து படித்துக்கொண்டு வரும்போது முதலில் பொருந்துகிற விதியே செல்லும். அதனால் தேவையானவற்றையெல்லாம் விடச் சொல்லிவிட்டு, கடைசி வரியாக "மற்ற எல்லாவற்றையும் தடு" என்று எழுதுவது வழக்கம். நீ போட்டிருந்தது நேர் எதிர். அதில் கடைசியாகப் பொருந்துகிற விதிதான் செல்லும், தடுப்பது முதல் வரியில் இருக்க வேண்டும். அதை நீ சொல்லியிருந்தாய். நான் காதில் வாங்கவில்லை. காலை ரயிலில் மடிக்கணினியைத் திறந்து, ஒழுங்காகச் செய்கிறேன் பேர்வழி என்று, கடைசியில் அந்தத் தடுப்பு வரியைச் சேர்த்து விதிகளை ஏற்றினேன். திரை அசையாமல் நன்றாகவே இருந்தது. ஏற்கெனவே திறந்திருக்கும் தொடர்பைப் புது விதி தொடாது, புதிதாகக் கதவைத் தட்டுகிறவர்களைத்தான் தடுக்கும். ஊர்காம் நிலையத்துக்கு அப்பால் சிக்னல் போய்த் திரும்பி வந்தபோதுதான் நானே வெளியே நிற்பது தெரிந்தது.

ஐந்து நிமிடத்தில் பரிசோதனைக்கூடத்திலிருந்து போன். "அக்கா, ஒரு ரிப்போர்ட்டும் போவ மாட்டேங்குது. டாக்டரு கத்திக்கினு கீறாரு." பங்காரப்பேட்டையில் இருவரும் இறங்கி, கோலார் தங்கவயலுக்குத் திரும்பும் பஸ்ஸில் ஏறினோம். வழியெல்லாம் நீ சிரித்தாய்.

"இன்னாடி சிரிப்பு உனக்கு?" என்று நான் எரிந்து விழுந்தேன்.

"எங்க வூட்டுல எல்லாரும் பேசி முடிச்சப்பறம் கடைசியா எங்க அம்மா இன்னா சொல்லுதோ அதான் செல்லும். அத நெனச்சுக்கோ, இனிமே மறக்காது" என்றாய்.

மறக்கவே இல்லை. இன்றும் அந்தக் கோப்பைத் திறந்தால் முதலில் உன் அம்மாதான் ஞாபகத்துக்கு வருகிறார்கள்.

அந்த வாரமே நீ ஒரு வழக்கம் கொண்டுவந்தாய். விதிகளை மாற்றுவதற்கு முன் பழைய கோப்பின் நகலை எடுத்து வைக்க வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து அந்தப் பழைய விதிகளைத் தானாகவே திரும்ப ஏற்றும்படி கணினிக்கு ஒரு கட்டளை கொடுக்க வேண்டும். அப்புறம்தான் புதியதை ஏற்றலாம். ஏற்றிவிட்டு, திரையில் இன்னொரு ஜன்னலில் புதிதாக உள்ளே நுழைந்து பார்க்க வேண்டும். நுழைய முடிந்தால் கட்டளையை ரத்து செய்யலாம். முடியாவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் போதும், ஐந்து நிமிடத்தில் பழையது வந்துவிடும். "எங்க அப்பா சுரங்கத்துக்குள்ள கேஜ்ல எறங்கறதுக்கு முன்னாடி டோக்கன் வாங்கிக்கினு போவாரு. ஷிப்ட் முடிஞ்சும் அந்த டோக்கன் திரும்பலன்னா, ஆளு இன்னும் கீழதான்னு மேல இருக்கறவங்க தேடிப் போவாங்க. நமக்கும் அப்பிடி ஒண்ணு வோணும்" என்றாய். எனக்கு அந்த ஐந்து நிமிடம் ஐந்து மணி நேரம். இரண்டாவது நிமிடத்திலேயே ரத்து செய்யத் துடிப்பேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாக் கதவையும் சோதித்துவிட்டுத்தான் விடுவாய்.

வெளியிலிருந்து அந்தக் கணினிக்குள் நாம் நுழையும் நிர்வாகக் கதவை ஊர் முழுக்கத் திறந்து வைக்க வேண்டாம் என்றும் அப்போதுதான் முடிவு செய்தோம். என் வீட்டு இணைய முகவரிக்கு ஒரு வரி, உன் வீட்டு முகவரிக்கு ஒரு வரி. மாறாத முகவரி வேண்டும் என்று கேபிள்காரரிடம் நீ சண்டை போட்டு வாங்கினாய். அந்த இரண்டு வரிகளும் கோப்பில் அடுத்தடுத்து இருந்தன.

இனிமேல் எழுதப்போவதை எழுத எனக்கு மனமில்லை.

உனக்கு நோய் கண்டு வைத்தியம் தொடங்கிய பிறகு நீ வேலைக்குப் போவதை நிறுத்தினாய். ஆனால் ஃபயர்வால் எழுதி வைக்கும் பதிவுகளை, அந்த லாக்கை, பார்ப்பதை நிறுத்தவில்லை. ஊசி போட்டுத் திரும்பிய நாளில்கூட, யார் யார் கதவைத் தட்டினார்கள் என்று எனக்குச் செய்தி அனுப்புவாய். எனக்கு அது பொறுக்கவில்லை. இவள் படுத்து ஓய்வெடுக்க மாட்டாளா என்று கோபம். ஒருநாள் மாலை, உன்னைக் கேட்காமல், உன் வரியை எடுத்துவிட்டேன். உன் நல்லதுக்குத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்போது நீ அந்தக் கணினிக்குள்தான் இருந்தாய். திறந்திருந்த தொடர்பு அறுபடாததால் உனக்கு எதுவும் தெரியவில்லை. மறுநாள் காலை புதிதாக நுழையப் போனபோதுதான் கதவு திறக்கவில்லை.

"என் லைன் எங்கடி?" என்று போனில் கேட்டாய்.

"எடுத்துட்டேன். நீ ரெஸ்ட் எடு. நான் பாத்துக்கறேன்."

பின்னால் உன் வீட்டு மிக்சி ஓடுகிற சத்தம் கேட்டது.

"என்ன ஒரு வார்த்த கேட்டியா?"

"உன் நல்லதுக்குத்தான்டி..."

"நான் இன்னும் போவலடி" என்றாய்.

பத்து நிமிடத்துக்குள் வரியைத் திரும்ப வைத்துவிட்டேன். நீ உள்ளே வந்து, "வந்துட்டேன். டீ குடிச்சுக்கினே லாக் பாக்கறேன். இது இல்லன்னா நாள் முச்சூடும் செவுத்ததான் பாத்துக்கினு இருக்கணும்" என்று செய்தி அனுப்பினாய். கூடவே ஒரு சிரிப்புப் படம். மன்னித்துவிட்டாய் என்றுதான் எடுத்துக்கொண்டேன். ஆனால் மன்னிப்பு என்று நான் வாய் திறந்து கேட்கவே இல்லை. உன்னைப் பார்க்க நேரில் வந்தபோதெல்லாம் வேறு எதையாவது பேசினேன், ஜன்னல் திரையைச் சரிசெய்தேன், மாத்திரைகளை அடுக்கினேன், பத்து நிமிடத்தில் எழுந்து போனேன். ஆறு வாரத்தில் நீ போய்விட்டாய்.

எட்டு மாதம் அந்த வரியை நான் தொடவில்லை. வேறு வேலையாகக் கோப்பைத் திறந்தால், அந்த இடம் வரும்போது வேகமாகக் கீழே இறங்கிவிடுவேன். போனவருக்கு வழி திறந்து வைக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலில் அரிச்சுவடி. வேலையை விட்டுப் போகிறவரின் வரியை அன்றைக்கே எடுக்க வேண்டும் என்று என் அலுவலகத்தில் மற்றவர்களைப் படுத்துகிறவள் நான்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் முகவரியிலிருந்து ஒரு பாக்கெட். உள்ளே விடப்பட்டிருந்தது. அடுத்து இன்னொன்று. நேரம், அன்று காலை ஏழரை. நீ டீ குடிக்கிற நேரம்.

படித்தவள்தான் நான். இருந்தாலும் சொல்கிறேன், ஒரு நிமிடம் நீதான் என்று நினைத்தேன். வேறு எதையும் நான் நினைக்கவில்லை. கால்கள் தாமாக எழுந்துகொண்டன. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேராக மாரிகுப்பத்துக்கு, உன் வீட்டுக்குப் போனேன். உன் வீட்டுக்காரர் தொழிற்சாலைக்குப் போகச் சீருடை போட்டுக்கொண்டு வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தார்.

"வாம்மா. இன்னா, காலங்காத்தால?"

"அண்ணா, வீட்டு நெட்ட யாரு யூஸ் பண்றாங்க?"

"நெட்டா? அத கட் பண்ணி அஞ்சு மாசம் ஆவுதும்மா. அது போனப்பறம் யாரு பாக்கறது? நான் மொபைல்லயே பாத்துக்கறேன். ஏம்மா, இன்னா ஆச்சு?"

"ஒண்ணுமில்லண்ணா. சும்மா கேட்டேன்."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, காபி குடித்துவிட்டுப் போ என்றார். அடுப்படியில் தானே கலந்து எடுத்து வந்தார், சர்க்கரை போட மறந்திருந்தார். நான் நின்றபடியே குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்து மீதிப் பதிவுகளைப் படித்தேன். கேபிள்காரர் உன் முகவரியை வேறு யாருக்கோ கொடுத்திருக்கிறார். அந்த வேறு யாரோ வீட்டில் ஏதோ ஒரு கணினியில் வைரஸ் புகுந்திருக்கிறது. மூன்று நாளாக அது நம் கதவில் நின்று, அட்மின், ரூட், டெஸ்ட் என்று வாய்க்கு வந்த பெயர்களையெல்லாம் சொல்லி நுழையப் பார்த்திருக்கிறது. சாவிக் கோப்பு இல்லாமல் யாரும் நுழைய முடியாதபடி நீ வைத்த இரண்டாவது பூட்டுதான் காப்பாற்றியது. எந்தத் தகவலும் வெளியே போகவில்லை, இரண்டு தடவை சரிபார்த்துவிட்டேன். ஆனாலும் நம் சபை மக்களின் ரத்தப் பரிசோதனைகள், யாருக்கு என்ன நோய் என்கிற விவரங்கள், எல்லாம் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் இருக்கின்றன. என் துக்கத்துக்காக அத்தனை பேரின் வீட்டு வாசலையும் திறந்து போட்டிருக்கிறேன். உன் மேலும் கோபம் வந்தது. "நான் இன்னும் போவலடி" என்று நீ சொல்லாமல் இருந்திருந்தால், நீ போன அன்றைக்கே எடுத்திருப்பேன்.

வீட்டிலிருந்தே செய்திருக்கலாம். மனது கேட்கவில்லை. மறுநாள் ஆராதனை முடிந்ததும் நேராக மருத்துவமனைக்கு வந்தேன். அலமாரி பக்கத்தில் நாற்காலியைப் போட்டேன். நகல் எடுத்தேன். ஐந்து நிமிடக் கட்டளையைக் கொடுத்தேன். உன் வரியை எடுத்துவிட்டு விதிகளை ஏற்றினேன். அந்த முகவரியிலிருந்து ஏற்கெனவே திறந்திருந்த தொடர்புகளையும் அறுத்தேன். பிறகு வாய்விட்டுக் கேட்டேன். "எடுத்துடட்டுமாடி?"

பணியில் இருந்த சிஸ்டர் எட்டிப் பார்த்தாள். "யாருகிட்டக்கா பேசறீங்க?"

"ஃப்ரெண்டு கிட்ட."

அவள் என் கையில் போன் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனாள். நான் என் வீட்டுக் கணினி வழியாகப் புதிதாக நுழைந்து பார்த்தேன், நுழைய முடிந்தது. ரிப்போர்ட் போகிறதா என்று பார்த்தேன், போனது. அந்த ஐந்து நிமிடக் கட்டளையை ரத்து செய்ய வேண்டியதுதான் பாக்கி. கட்டளையைத் தட்டச்சு செய்துவிட்டேன், என்டர் பொத்தானை அழுத்த விரல் போகவில்லை. எழுந்தேன், வாசல் வரை நடந்தேன், திரும்பி வந்தேன், உட்கார்ந்தேன். நேரம் முடிந்தது. கணினி தன் பாட்டுக்குப் பழைய விதிகளை ஏற்றியது. உன் வரி அதன் இடத்தில், என் வரிக்குக் கீழே, வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அந்த முகவரியிலிருந்து அட்மின் என்று ஒரு தட்டல்.

அப்போதுதான் அழுதேன். அடக்கச் சடங்கில்கூட அப்படி அழவில்லை. அன்றைக்கு நாற்காலி எடுத்துப் போடுவதும் காபி கொடுப்பதுமாக ஓடிக்கொண்டிருந்தேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன். நகல். ஐந்து நிமிடம். உன் வரி. அறுத்தல். சோதனை. மறுபடி கேட்டேன். ஒரு நிமிடம் பார்த்தேன், இரண்டு நிமிடம் பார்த்தேன், என்டரைத் தட்டி அந்தக் கட்டளையை ரத்து செய்துவிட்டேன், உன் வரி திரும்பி வரவில்லை.

இப்போது எந்த வரியைத் தொட்டாலும் உன்னை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர்கள் எனக்கு வயதாகிவிட்டது என்கிறார்கள். ஆகட்டும். உன்னிடம் சொல்ல வந்தது இவ்வளவுதான். இந்த முறை கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன். நீ பதில் சொல்லும்வரை காத்திருக்க மட்டும் என்னால் முடியவில்லை.