ரிலீவர் வரும் வரை

5 பிப்ரவரி 2007, திங்கள். ஓசூர்

கம்பெனியில் மாலை போட்டு ரிட்டயர் பண்ணி அனுப்பிய பிறகு வரும் முதல் திங்கள். பழக்கதோஷம், விடிவதற்குள் யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன். வீட்டுக்காரி பவளம் கதவில் சாய்ந்து நின்றாள்.

"எங்க கிளம்பிட்டீக? உங்க மெஷின்ல வேற ஆளு ஏறியாச்சு."

காபியைக் கையில் கொடுத்துவிட்டு, பல வருஷமாக மனதில் வைத்திருந்ததைக் கேட்டாள். மைசூருக்குப் போக வேண்டும். அரண்மனை பார்த்துவிட்டு, சாயங்காலம் ஒரு வீணைக் கச்சேரி கேட்க வேண்டும்.

"ஆனா ஒண்ணு. ஆரம்பிச்சதுலருந்து முடியிற வரைக்கும் எம் பக்கத்துல உக்காந்திருக்கணும்."

நியாயம்தான். ஷிப்டுக்கு நேரமாச்சு என்று நான் பாதியில் எழுந்து வராத விசேஷம் உண்டா? பெற்ற மகன் கல்யாணத்திலேயே பந்தி முடியுமுன் கிளம்பியவன். பவளத்தின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன்.

7 பிப்ரவரி, புதன்

மைசூர் புரோகிராம் தயார். அரண்மனை, மிருகக்காட்சி சாலை, மலை, கச்சேரி. நடுநடுவே டீ பிரேக். பவளம் படித்துப் பார்த்தாள். "இது டூரா, இன்ஸ்பெக்‌ஷனா?" மிருகக்காட்சி சாலையையும் மலையையும் பேனாவால் அடித்துவிட்டாள். டீ பிரேக் மட்டும் தப்பியது.

11 பிப்ரவரி, ஞாயிறு காலை. மைசூர், லாட்ஜ்

நேற்று நடந்ததை எப்படி எழுதுவது?

பகலெல்லாம் நன்றாகத்தான் போயிற்று. அரண்மனையில் இரும்புத் தூண்களைத் தட்டிப் பார்த்தேன், அருமையான வார்ப்பு. தட்டக் கூடாது என்று காவலாளி ஓடி வந்தார். மார்க்கெட்டில் பவளத்துக்கு மல்லிகை வாங்கினோம். மசால் தோசை சாப்பிட்டோம், மரத்தடியில் அவள் ஒரு தூக்கம் போட்டாள். நான் ஒருமுறைகூட மணி பார்க்கவில்லை. (சரி, இரண்டு முறை.)

சாயங்காலம் கச்சேரி மண்டபம். வாசலில் செருப்பு விடும் இடம். பவளம் தன் செருப்பைக் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டு, இடம் பிடிக்க முன்னால் போய்விட்டாள். நான் என் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன். செருப்புக்குக் காவல் இருந்த ரங்கம்மா என்ற அம்மாள், நான் டோக்கன் வாங்குமுன் "ஸ்வல்ப நோட்கொள்ளி சார்" என்றார். கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். காலையிலிருந்து சாப்பிடவில்லை, மாற்றிவிட ஆள் இல்லை. பாவமாக இருந்தது. தலையாட்டினேன்.

தப்பு அங்கேதான். நான் கற்ற வேலை அப்படி. அடுத்த ஷிப்டு ஆள், அதாவது ரிலீவர், வந்து சார்ஜ் எடுக்காமல் மெஷினை விட்டு நகரக் கூடாது. ஒரு நாளும் நகர்ந்ததில்லை. ரங்கம்மாவோ வரவே இல்லை. உள்ளே வீணை ஆரம்பித்துவிட்டது. வெளியே ஸ்பீக்கர்கூட இல்லை. சும்மா நிற்பானேன் என்று டோக்கன் மாறாமல் செருப்புகளை அளவு வாரியாக அடுக்கினேன். ஆண், பெண், குழந்தை. பார்க்கவே லட்சணமாக இருந்தது.

பாதியில் பவளம் தேடிக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்தாள், செருப்பு வரிசையைப் பார்த்தாள்.

"இங்கயும் டூட்டியா?"

"ரிலீவர் வராம எப்படிப் புள்ள வர்றது?"

பவளம் மெதுவாகத்தான் சொன்னாள்: "அடுப்படில எனக்கு இத்தன வருசமா எந்த ரிலீவர் வந்தான்?" சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கச்சேரி முடிந்து கூட்டம் வந்தது. டோக்கனைப் பார்த்த கையோடு எடுத்துக் கொடுத்தேன், ஒரு ஜோடிகூட மாறவில்லை. ஒரு பெரியவர் முதுகில் தட்டிக் கொடுத்தார். ரங்கம்மா ஏப்பம் விட்டுக்கொண்டே வந்து சேர்ந்தார். சார்ஜ் கொடுத்துவிட்டு ஓரமாகப் பார்த்தால் — என் செருப்பைக் காணோம்!

மைசூர் வீதியில் வெறுங்காலோடு நடந்தேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்த பவளம் என் காலைப் பார்த்தாள். அவ்வளவுதான், பஸ் ஸ்டாப் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு உள்ளே வலித்தது. அவள் ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒன்றைத்தான்.

12 பிப்ரவரி, திங்கள்

புதுச் செருப்பு கடிக்கிறது. அவள் சொன்னது அதைவிட.

19 பிப்ரவரி, திங்கள்

பின்வீட்டு சுப்ரியா வீணை சொல்லித் தருகிற பெண். கற்றுக்கொள்ள வரச் சொல்லிப் பவளத்தை எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறாள். சாயங்காலம் அடுப்பு வேலை என்று பவளம் தட்டிக் கழித்துவிடுவாள்.

இன்று அந்த நேரத்துக்குப் பழைய யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு அடுப்படி வாசலில் போய் நின்றேன்.

"ரிலீவர் வந்திருக்கேன். சார்ஜ் குடு."

வேடிக்கை பண்ணுகிறேன் என்று நினைத்தாள். நான் நகரவில்லை. கரண்டியைக் கையில் வாங்கிய பிறகுதான் நம்பினாள்.

"பால் அடுப்புல இருக்கு, பொங்க விட்ராதீக. குக்கர் மூணு விசில். மாவுல உப்புப் போட்டாச்சு, திரும்பப் போட்ராதீக."

முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு போனாள். வாசல் வரை போய், ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

ஜன்னலைத் திறந்து வைத்து, அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன். சுப்ரியா வீட்டிலிருந்து வீணை கேட்டது. ஸ, ப, ஸ. மறுபடி ஸ, ப, ஸ. நடுவே ஒரு அபஸ்வரம், அப்புறம் பவளத்தின் சிரிப்பு. ஆரம்பித்ததிலிருந்து முடியும் வரை கேட்டேன்.

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. ஆனால் நான் இடத்தை விட்டு நகரவில்லை.