மாமியின் காலும் ஆண் தாதியும்

நெடுந்தீவு
வெள்ளிக்கிழமை

அன்புள்ள அத்தானுக்கு,

நயினை அம்மாள் துணையால் நீங்களும் பிள்ளைகளும் நாரந்தனையில் சுகமாக இருப்பீர்கள். நானும் சுகம்.

இன்று காலை மாமியின் கட்டிலடியில் டொக்டர் துசாரா, ஆண் தாதி சதீசன், நான் மூவரும் நின்றோம். சீனி வருத்தத்தால் வந்த சலரோகப் புண் தொடைவரை ஏறிவிட்டது.

"யாழ்ப்பாணத்துக்குப் போகவேணும் அம்மா," என்றார் டொக்டர்.

ஆஸ்பத்திரியில் பெண்ணென்றால் மாமிக்கு மிஸி, அதாவது தாதிதான். "மிஸி சொல்லி நான் படகேறேலாது. டொக்குத்தர் சொல்லட்டும்," என்று சதீசனைப் பார்த்தார்.

சதீசன் சிரித்தார். "ஆச்சி, நான்தான் மிஸி. டொக்டர் இவ."

மாமி சேலையை இழுத்து மூடினார். "டொக்குத்தருக்கு ஆம்பிளை, பொம்பிளை இல்லை. நீ வெறும் ஆம்பிளைப் பெடியனெல்லே."

எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தேன். நேற்றுவரை நோகாமல் மருந்து கட்டிய கை, இன்று ஆணின் கையாகிவிட்டது. இப்போது சதீசன் திரைக்கு அப்பால் நின்று சொல்லச் சொல்ல, நான்தான் கட்டுகிறேன். இரண்டுதரம் அவிழ்த்துக் கட்டவேண்டி வந்தது.

பிந்தினால் காலை எடுக்க வேண்டிவரும் என்கிறார் டொக்டர். நானும் கெஞ்சிப் பார்த்தேன். "என்ர மோன் சொன்னால் போறன்," என்கிறார் மாமி. போனில் அவருக்குக் கேட்காது; உங்கள் கையெழுத்தைக் கண்டால் நம்புவார். அவருக்கு ஒரு கடிதம் எழுதி அனுப்புங்கள்.

என் தேவாரப் புத்தகத்தையும் அனுப்புங்கள். இங்கே கதைக்க ஆளில்லை.

"போங்கோ" என்று மட்டும் எழுதாதீர்கள். "டொக்டர் துசாரா சொல்லுறதைக் கேளுங்கோ அம்மா" என்று எழுதுங்கள். குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்காரரிடம் கொடுத்தால் கிடைக்கும். உடனே பதில் போடுங்கள்.

பரிமளம்