மூடியைத் தாண்டிய வாசனை

மார்ச் 5

கண்ட்ரோல் தட்டு இன்றைக்கும் மொட்டை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தைலமே படாமல் வைத்த தட்டு அது. பாக்டீரியா பாய் விரித்த மாதிரி படர்ந்திருக்க வேண்டும். ஒரு புள்ளிகூட இல்லை.

துறைத்தலைவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "கல்ச்சர் செத்துப்போச்சு மேடம். உங்க கை இப்பல்லாம் நிதானமா இல்ல."

படிக்கிற காலத்தில் அவர் எனக்கு ஜூனியர். அப்போது அக்கா என்பார், நாற்காலி வந்த பிறகு மேடம். இருக்கட்டும். கை நிதானமில்லை என்றால் மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மார்ச் 6

தட்டுகளை அடுக்கி மூடிவைத்த இரண்டு பெட்டிக்கும் ஒரே பாக்டீரியா கல்ச்சர்தான். இரண்டிலும் திருநீற்றுப்பச்சிலைத் தைலம்தான், ரகம்தான் வேறு. ஒன்றில் யூஜினால் அதிகம், கிராம்பு நெடி. மற்றதில் லினலூல், பூ வாசனை. யூஜினால் பெட்டியில் கண்ட்ரோல் செழித்திருக்கிறது. லினலூல் பெட்டியில் மட்டும் மொட்டை.

செத்த கல்ச்சர் பெட்டி பார்த்தா சாகும்?

மார்ச் 8

வீட்டுக்காரர் காலையில் கேட்டார்: "பீரோல உன் லேப் கோட்டைத் தொங்கவிடாதேன்னா கேக்கறியா? என் சட்டையெல்லாம் மணக்குது. ஆபீஸ்ல யாருப்பா அந்தம்மான்னு கேக்கறானுங்க."

"கிழவனுக்கு அந்த ஆசை வேறயா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனேன். பாதி வழியில் நின்றுவிட்டேன். கோட்டு ஒரு மூலையில், சட்டை மறு மூலையில். தொடவே இல்லை. ஆனாலும் மணக்கிறது.

லினலூல் சீக்கிரம் ஆவியாகும், யூஜினால் மெதுவாக. பெட்ரி தட்டின் மூடி காற்றை அடைக்காது. ஒரே பெட்டிக்குள் பக்கத்துத் தட்டிலிருந்து ஆவி போய்க் கொன்றிருந்தால்?

மார்ச் 12

தட்டுக்கு ஒரு பெட்டி என்று தனித்தனியாக வைத்தேன். கண்ட்ரோல் வளர்ந்துவிட்டது. மிகக் குறைந்த அளவு லினலூல் வைத்த தட்டிலும் வளர்ந்திருக்கிறது.

இதில்தான் வினை. "லினலூல் ரகம் எவ்வளவு குறைந்த அளவிலும் கொல்லும்" என்பதுதான் துறைத்தலைவருக்குப் பெயர் வாங்கித் தந்த கட்டுரை. எல்லா அளவையும் ஒரே பெட்டியில் அடுக்கிப் பார்த்த கட்டுரை. அதிக அளவுத் தட்டின் ஆவிதான் குறைந்த அளவுத் தட்டிலும் கொன்றிருக்கும்.

மார்ச் 13

அவரிடம் சொன்னேன். நடுவில் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒரு தடவை வந்தா ரிசல்ட்டா மேடம்? நீங்க கொஞ்ச நாள் முதலாண்டு பிராக்டிகல் பாத்துக்குங்க. தைலத்தை வேற யாராவது பாக்கட்டும். உங்களுக்கும் ரெஸ்ட்டா இருக்கும்."

ரெஸ்ட்டாம். எனக்கென்ன எண்பது வயசா? இத்தனை வருஷம் உழைச்சதுக்கு இதுவா— சரி. அழப்போவதில்லை.

மார்ச் 18

முதலாண்டில் பிள்ளைகள் முப்பது ஜோடி. பாடத்திட்டத்தில் "பாக்டீரியா வளர்ப்பும் தடுப்பும்" என்றுதான் இருக்கிறது. எதை வைத்துத் தடுப்பது என்று இல்லை.

தீங்கில்லாத பாக்டீரியா, லினலூல் தைலம். ஜோடிக்கு இரண்டு கண்ட்ரோல்: ஒன்று தைலத் தட்டோடு ஒரே பெட்டியில், மற்றது தனியே. என்ன வரும் என்று மூச்சுவிடவில்லை.

முன்வரிசைப் பெண் கேட்டாள்: "மேம், இது புக்ல இல்லியே. மார்க் உண்டா?"

"உண்டு. முதல்ல கையக் கழுவு."

மார்ச் 20

தனியே வைத்தவை எல்லாம் வளர்ந்திருக்கின்றன. ஒன்றில் மட்டும் பூஞ்சை. கூட வைத்தவை மொட்டை, ஒரு ஜோடியைத் தவிர. விசாரித்தால் பெட்டியை மூடவே மறந்திருக்கிறார்கள். திட்ட மனம் வரவில்லை. திறந்த பெட்டியில் ஆவி எங்கே நிற்கும்?

சேதி கேட்டு துறைத்தலைவரே வந்தார். வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனார். பிள்ளைகள் எழுந்து நின்றார்கள்.

மெதுவாகக் கேட்டேன்: "இத்தனை பேர் கையும் நிதானமா இல்லன்னு எழுதிக்கலாமா சார்?"

திரும்பிப் பார்க்காமல் வெளியே போனார்.

மார்ச் 22

தூக்கமில்லை. வேலைக்கு ஆபத்துதான். பரவாயில்லை.

மார்ச் 25

காலையில் போன் செய்தார். "அந்தத் தைலத்தை என் ரூமுக்கு அனுப்பிடுங்க. ஒருதரம் நானே போட்டுப் பாக்கறேன்."

"அனுப்ப மாட்டேன். இங்க வந்து போடுங்க. தட்டுக்கு ஒரு பெட்டி எடுத்துட்டு வாங்க."

போனை வைத்துவிட்டார்.

மதியம் வந்தார். லேப் கோட்டுப் போட்டிருந்தார். இரண்டு கையிலும் முகவாய் வரை காலிப் பெட்டிகள். கதவைக் காலால் தள்ளித் திறந்தார். நான் எழுந்து பிடிக்கவில்லை. மேஜையில் பாதி இடத்தை மட்டும் ஒதுக்கிக் கொடுத்தேன்.